மங்க்ஸோட ஆல்பம் தொலைஞ்சு போகல, 1966லயே வந்துடுச்சு

மங்க்ஸ்ங்கிற அறுபதுகள் காரேஜ் ராக் (கரடுமுரடான, எளிமையான ராக்) பேண்டோட ‘பிளாக் மங்க் டைம்’ ஆல்பம் அப்போ வெளியாகவே இல்ல, தொண்ணூறுகள்லதான் டேப் கிடைச்சு வந்துச்சுன்னு மேல போஸ்ட்ல போட்டிருக்கீங்க ப்ரோ. அது அப்படி இல்லைங்க. 1965 கடைசியில கொலோன்ல ரெக்கார்ட் பண்ணி, 1966லயே பாலிடார்ங்கிற ரெக்கார்ட் கம்பெனி மேற்கு ஜெர்மனில எல்பியா (இசைத்தட்டா) வெளியிட்டாங்க. அஞ்சு பேருமே ராணுவ வேலையா ஜெர்மனி போன அமெரிக்கர்கள்தான், ஆனா சொந்த நாட்டுல அப்போ அந்த ஆல்பம் வரவே இல்ல, தொண்ணூறுகள்ல ரீஇஷ்யூவா வந்தப்பதான் அங்க நிறைய பேர் முதல்முறையா கேட்டாங்க, அதனால இந்த குழப்பம் வந்திருக்கலாம்னு தோணுது.

ரொம்ப காலம் வெளிவராம கிடந்தது 1965 டெமோ ரெக்கார்டிங்தான். அது ‘ஃபைவ் அப்ஸ்டார்ட் அமெரிக்கன்ஸ்’னு 1999ல வந்துச்சு, ஆல்பம் வேற இது வேற.

நீங்களே செக் பண்ணலாம். இசைத்தட்டு விவரமெல்லாம் இருக்கிற டிஸ்காக்ஸ் வெப்சைட்ல ஆல்பம் பேரைப் போட்டு ஜெர்மனி, 1966னு ஃபில்டர் பண்ணுங்க, கறுப்பு அட்டையும் பாலிடார் லேபிளும் ஃபோட்டோவோட இருக்கும். அதே வருஷம் ‘பீட் கிளப்’ டிவி நிகழ்ச்சில அவங்க வாசிச்ச கிளிப்பும் யூடியூப்ல தேடினா கிடைக்கும், உச்சந்தலைய மட்டும் மழிச்சுட்டு, டைக்கு பதிலா கழுத்துல கயிறு மாட்டிட்டு, ஒருத்தர் பாஞ்சோங்கிற தந்தி வாத்தியத்த ரிதம் கிடார் மாதிரி போட்டு அடிச்சிட்டிருப்பாரு, அவ்ளோ வெறியா இருக்கும், தயவுசெஞ்சு ஒருதடவ பாருங்க. முடிஞ்சா போஸ்ட்ல அந்த ஒரு வரிய மட்டும் மாத்திடுங்க.