கவுன்சிலர் அறை எந்தப் பக்கம் இருக்கிறது?

எங்கள் பள்ளியில் கவுன்சிலர் அறை, தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஒரு பெஞ்ச். தாமதமாக வந்தவர்கள், சண்டை போட்டவர்கள், 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் உட்காரும் பெஞ்ச். அதைத் தாண்டித்தான் கவுன்சிலரைப் பார்க்கப் போக வேண்டும். கதவில் கொட்டை எழுத்தில் 'மனநல ஆலோசனை' என்று பலகை வேறு. காலையில் ஒரு பிள்ளை அந்தக் கதவைத் திறந்தால் மதிய இடைவேளைக்குள் ஒன்பதாம் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆண்டு இறுதிக் கூட்டத்தில், "இந்த வருஷம் ரொம்பக் கம்மியான பிள்ளைகள்தான் கவுன்சிலிங் வந்திருக்காங்க, நல்ல விஷயம்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. நாற்பது பேர் உள்ள என் வகுப்பில் ஐந்தாறு பேர். தினமும் "உள்ளேன் மிஸ்" என்று கேட்கிற குரல்களில் ஐந்தாறு. அவர்கள் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்றால் அது நல்ல செய்தியா?

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு மாணவி கணக்கு நோட்டோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். சந்தேகம் என்றாள். காட்டிய கணக்கு சரியாகப் போட்ட கணக்கு. பக்கத்தில் நான் போட்ட 'டிக்' கூட இருந்தது. சட்டென்று எனக்கு உறைத்தது. "வா, நடந்துகிட்டே பார்க்கலாம்" என்று வராந்தாவின் மறுகோடிக்குக் கூட்டிப் போனேன். பாதி தூரம் வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னாள்: "மிஸ், ஒருத்தி ராத்திரி எல்லாம் தூங்காம மெசேஜ் பண்றா. தான் இல்லேன்னா யாருக்கும் கஷ்டம் இருக்காதுன்னு சொல்றா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

மூன்று வாரமாக அந்தப் பெண் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு என் வகுப்பில் உட்கார்ந்து இயற்கணிதம் போட்டிருக்கிறாள். (இருவரிடமும் கேட்டுவிட்டு, ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இதுதான் எனக்கு உறுத்துகிறது. பிள்ளைகள் முதலில் பிள்ளைகளிடம்தான் சொல்கிறார்கள். நாமோ பெரியவர்களுக்குப் பயிற்சி, பெரியவர்களுக்குக் கருத்தரங்கு, பெரியவர்களுக்குப் படிவம் என்று ஏற்பாடு செய்கிறோம். உண்மையில் முதல் ஆளாக அதைக் கேட்கப்போகிற பதினான்கு வயசுப் பிள்ளைக்கு நாம் ஒன்றுமே சொல்லித் தந்திருக்க மாட்டோம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2015-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. சில பள்ளிகளில் ஆபத்தின் அறிகுறிகளை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்து, நிபுணர்களிடம் அனுப்பினார்கள். இன்னும் சிலவற்றில் மாணவர்களையே உட்காரவைத்துப் பேசவும், இப்படிப்பட்ட சூழலை நடித்துப் பார்க்கவும் வைத்தார்கள். மொத்தமே ஐந்து மணி நேரம்தான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, தற்கொலை முயற்சிகள் தெளிவாகக் குறைந்திருந்தது இந்த மூன்றாவது வகைப் பள்ளிகளில் மட்டும். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பள்ளிகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. ஆசிரியர் பயிற்சி கண்டுகொள்ளும்படியான வித்தியாசம் எதையும் தரவில்லை. ஆசிரியையாக எனக்கு இது கொஞ்சம் கசக்கிறதுதான்.

அதற்காகப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தந்தாலும் பலிக்கும் என்று அர்த்தமில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது மூச்சைக் கவனித்து நிதானமாக இருக்கிற பயிற்சியைப் பாடமாகவே நடத்திப் பார்த்தார்கள். வழக்கமான வகுப்புகளைவிட அதனால் பிள்ளைகளுக்கு எந்தக் கூடுதல் நன்மையும் இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. நிறையப் பிள்ளைகள் அதை வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதை நடத்திய ஆசிரியர்களின் சோர்வு கொஞ்சம் குறைந்திருந்தது. யாருக்குத் தேவைப்பட்டதோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது போல!

நிபுணர் அல்லாதவர்களுக்குச் சொல்லித் தந்தால் பலன் உண்டு என்பது பள்ளிக்கு வெளியேயும் நடந்த கதைதான். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஒரு பெண், பஸ்ஸுக்குக் காசில்லாமல் மருத்துவமனைக்கு வர முடியாமல் உயிரை விட்டாள். அதன் பிறகு 2006 வாக்கில் அவர் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். அங்கே வருகிறவர்கள் 'டிப்ரஷன்' என்று சொல்வதில்லை. 'ரொம்ப யோசிக்கிறேன்' என்று அர்த்தம் வரும் தங்கள் மொழிச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். பாட்டிகளும் அதே சொல்லில் பேசினார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் அந்த பெஞ்சில் பேசியவர்களுக்குத் துயரம் நன்றாகவே குறைந்திருந்தது. எங்கள் பள்ளியிலும்தான் ஒரு பெஞ்ச் இருக்கிறது.

சரி, அந்த மாணவி விஷயத்துக்கு வருகிறேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?" என்று கேட்டாள். சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. யாரிடம் சொன்னால் அவள் தோழி பத்திரமாக இருப்பாளோ அவர்களிடம் மட்டும் சொல்வேன் என்றேன்.

அன்றைக்கே தோழியைப் பார்த்தேன். இந்த இடத்தில் நாம் வழக்கமாகக் கேட்பது, "தப்பா எதுவும் யோசிக்கலையே?" இப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் 'இல்லை' என்றுதான் சொல்லும், கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்துவிடுகிறோம். அதனால் நேராகவே கேட்டேன்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அவள் ரொம்ப நேரம் தன் ஐ.டி. கார்டின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை மட்டும் அசைத்தாள். கவுன்சிலரும் அவள் அம்மாவும் வந்து சேரும் வரை அவளைவிட்டு நகரவில்லை. இப்போது மருத்துவரைப் பார்க்கிறாள், பள்ளிக்கும் வருகிறாள். சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை.

எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பல வருடம் முன்பு ஒரு பையன் வகுப்பில் தூங்கித் தூங்கி விழுந்தபோது, "ராத்திரி ஃபோனைத் தூக்கிப் போடு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் நான். ஏன் தூங்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. பாதி வருடத்தில் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

கவுன்சிலர் அறையை நூலகத்துக்குப் பக்கத்தில் மாற்றலாமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த இடத்தில், "பார்க்கலாம்" என்றார்கள். கவுன்சிலர் அதற்காகக் காத்திருக்கவில்லை. மதிய இடைவேளையில் நூலகத்தின் கடைசி மேசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கையில் புத்தகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்காரலாம். நேற்று ஒரு புத்தகம் எடுக்கப் போனேன். மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவனின் கையில் இருந்த அட்லஸ் தலைகீழாக இருந்தது. சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.