பயிற்சி வகுப்பில் யாரும் தப்பாகப் படிப்பதில்லை

பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சே இல்லை. தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. முதல் தாளில் 150 கேள்விகள், அதில் 30 குழந்தை மேம்பாடு, எல்லாமே நாலில் ஒன்றைத் தொடும் வகை. குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே எத்தனை நிலை சொன்னார் என்று அந்தத் தாளில் கேட்கலாம். ‘கொடி’யை ஒரு பிள்ளை ‘காடி’ என்று படித்தால் அடுத்த நிமிடம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க வழியில்லை.

சரி, அதைப் பயிற்சியிலாவது கேட்கிறோமா?

பி.எட்.டிலும் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பிலும் நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) என்று ஒன்று உண்டு, சில நிமிடப் பாடத்தைச் சிறு குழுவுக்கு நடத்திப் பழகுவது. நம் நாட்டுக் கணக்கு 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடுதல், 6 நிமிடம் மறுபடி கற்பித்தல், 6 நிமிடம் மறுபடி பின்னூட்டம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன். அமைப்பில் குறையில்லை. கோளாறு எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம். சக மாணவர்கள்தான் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். எல்லோரும் கை தூக்குவார்கள், கேட்டதற்கெல்லாம் சரியான பதில் வரும். தோழி மதிப்பெண் வாங்க வேண்டுமே! அந்த 12 நிமிடத்தில் திருத்துவதற்கு எதுவுமே இருக்காது. பிறகு போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

இதற்குச் செலவில்லாத மாற்று ஒன்று இருக்கிறது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் ஆசிரியர், நால்வர் பிள்ளைகள், ஒருவர் பார்வையாளர். பிள்ளையாக நடிக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் அந்தப் பிள்ளை செய்யும் ஒரே ஒரு தவறு எழுதியிருக்கும். ஆசிரியருக்கு அது தெரியாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. ‘மெதுவாகக் கற்பவர்’ என்று எழுதினால் உதவாது. அது தவறின் பெயர் இல்லை. தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் இடறும் இடங்கள் எண்ணிவிடக்கூடியவை. ‘கொ’வில் கொம்பு இடப்பக்கம், துணைக்கால் வலப்பக்கம், உச்சரிப்பு மட்டும் ஒன்று. கொம்பைக் கவனிக்காத பிள்ளை ‘காடி’ என்கிறது. துணைக்காலை விட்ட பிள்ளை ‘கெடி’ என்கிறது. இரண்டுமே தப்புத்தான், ஆனால் கண் தவறிய பக்கம் வேறு. அட்டையில் ‘க’ எழுதி நடுவில் வையுங்கள். இடமிருந்து கொம்பு அட்டையை நகர்த்தினால் ‘கெ’. அதை எடுத்துவிட்டு வலமிருந்து துணைக்காலை நகர்த்தினால் ‘கா’. இரண்டும் சேர்ந்து வந்தால் ‘கொ’. பிள்ளையின் கையாலேயே ஐந்தாறு தடவை நகர்த்த விடுங்கள். ‘கொடி, கொடி, கொடி’ என்று பத்து முறை சொல்ல வைத்தால் ‘கொடி’ மனப்பாடமாகும், ‘தொடு’ வந்ததும் பழைய கதைதான்.

புள்ளியைப் பார்க்காமல் ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என்று படிக்கும் பிள்ளை வேறு. ‘ப, ட, ம்’ என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்க்கச் சொன்னால் ‘மரம்’ என்று அடித்துவிடும் பிள்ளை வேறு. அதற்கு எழுத்து தெரியும், கூட்ட வராது. மேலும் எழுத்து அட்டை காட்டிப் பயனில்லை, இரண்டெழுத்துச் சொல்லில் ஒலியை நீட்டிச் சேர்க்கும் பயிற்சி வேண்டும். மரத்தின் படம் பார்த்துச் ‘செடி’ என்று படிக்கும் பிள்ளைக்கு, படத்தைக் கையால் மறைத்துவிட்டுச் சொல்லைக் காட்டினால் போதும், உண்மை நிலவரம் தெரிந்துவிடும். ‘பகல்’ என்பதில் வரும் ககரத்தை ‘கல்’லில் வருவது போல அழுத்திப் படிக்கும் பிள்ளை எழுத்தைச் சரியாகவே படிக்கிறது. அதைத் தப்பு என்று அதட்டுவது நம் தப்பு.

பாடத்திட்ட வரிசையும் இங்கேதான் வருகிறது. 247 என்ற எண்ணைச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். ஆகாரம், இகரம் போன்றவற்றுக்கு ஒரே குறி எல்லா மெய்க்கும் வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் ணா, றா, னா, லை, னை எல்லாம் அந்த ஒழுங்குக்குள் வந்துவிட்டன. ஒழுங்குக்கு வராமல் நிற்பது உகர, ஊகார வரிசைதான். அதைக் கு, ஙு, சு என்று நெடுங்கணக்குப்படி நடத்தாமல், உருவம் பார்த்துப் பிரித்தால் உகரத்துக்கு மூன்றே கட்டுதான்: சு, பு, யு, வு ஒரு கட்டு, து, நு, ணு, லு, று, னு ஒரு கட்டு, கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கட்டு. வாரம் ஒரு கட்டு போதும். ஊகாரத்தை அதற்குப் பிறகு எடுக்கலாம். ஙகரமும் ஞகரமும் காத்திருக்கட்டும், ‘ஙு’ வரும் சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் பருவமே முடிந்துவிடும்.

பாடக்குறிப்பில் ‘மாணவர் சரளமாக வாசிப்பர்’ என்று கற்றல் விளைவு எழுதுகிறோம். எதை வைத்துச் சொல்வது? ‘கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் பத்துப் புதிய சொற்களில் எட்டைத் தடுமாறாமல் படிப்பார்’ என்று எழுதினால் காதால் கேட்டு முடிவு செய்யலாம்.

பார்வையாளரின் தாளில் மூன்றே கேள்விகள். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருந்தார்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்ததில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள், மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. இரண்டாவது, எந்தப் பிள்ளையைக் கூப்பிடவே இல்லை? மூன்றாவது, பிள்ளை தப்பாகச் சொன்னதும் ஆசிரியர் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன? அந்தச் சொல்லை அப்படியே எழுத வேண்டும். ‘உட்காரு’ என்பதுதான் பெரும்பாலும் இருக்கும்.

அன்பான வகுப்பறை என்றால் குரலைத் தேனாக்கிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். படிக்கத் திணறும் பிள்ளையை எல்லோர் முன்னும் எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, ‘பரவாயில்லடா கண்ணா’ என்று சொல்வதில் என்ன அன்பு? ஆசிரியர் மேசைக்கு அருகில் தனியாக இரண்டு நிமிடம் கேளுங்கள். 30 பிள்ளைகள் என்றால் நாளுக்கு ஆறு பேர், 12 நிமிடம், வாரத்தில் ஒரு சுற்று. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் பயிற்சி நூல். அறுபது பிள்ளை வரை இரண்டே ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும் பள்ளியில் இந்த 12 நிமிடம்கூடச் சுலபமில்லை என்பது தெரியும். அங்கே நன்றாகப் படிக்கும் ‘மலர்’ நிலைப் பிள்ளைகளைப் பத்து நாளுக்கு ஒருமுறை கேட்டாலும் போதும், தொடக்க நிலையில் இருக்கும் ‘அரும்பு’ப் பிள்ளைகளை மட்டும் விடக்கூடாது.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று அழகாகத்தான் பெயர் வைத்தார்கள். கவனிக்காமல் விட்டால் ‘நீ அரும்பு கோஷ்டிதானே’ என்று அதுவே பட்டப்பெயராகிவிடும். கணக்கில் மொட்டாக இருக்கும் பிள்ளை தமிழில் அரும்பாக இருக்கலாம். குழுவைப் பாடத்துக்குப் பாடம் மாற்றுங்கள், நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கலைத்துப் போடுங்கள்.

மாநிலத்தில் தொடங்கி மாவட்டம், வட்டார வள மையம், சில பள்ளிகளுக்கு ஒன்றான குறுவள மையம் என்று ஆசிரியர் பயிற்சி இறங்கி வரும்போது செயல்பாடுகள் ஒவ்வொரு படியிலும் உதிர்ந்து, கடைசியில் திரையில் ஓடும் பிபிடி மட்டும் மிஞ்சுகிறது. துண்டுச் சீட்டு அப்படி உதிராது, நகல் எடுத்தால் போதும்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குப் பயிற்சி தரப் போகும் கருத்தாளர்கள் இந்த நான்கு சீட்டோடு தொடங்கலாம்: ‘கொ, தொ, பொ வரும் இடமெல்லாம் கொம்பை விட்டுவிடு.’ ‘புள்ளியைப் பார்க்காதே.’ ‘எழுத்தைச் சொல், கூட்டாதே.’ நான்காவது சீட்டு: ‘எதுவும் பேசாதே. ஆசிரியர் மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் மட்டும் மெதுவாகப் படி.’