கதவு தொங்குவதற்குக் கீல்தான் காரணமா?

"பழைய காரில் கதவு தொங்கினால் கீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் மரக்கட்டை கொடுத்து நெம்பினால் சரியாகிவிடும்." மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு இது. பாதிதான் உண்மை, மீதிப் பாதி காரைக் கெடுத்துவிடும்.

கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. சரி, அதை மாற்றினால் போதும். ஆடவே இல்லை, ஆனாலும் கதவின் மேல் இடைவெளி பின்னால் போகப் போக ஒடுங்குகிறதா? தொங்குவது கதவல்ல, வண்டியே.

1948இல் வந்த மைனருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகடுதான் (சில்) நடு உடலைத் தாங்குகிறது. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும், ஸ்குரூடிரைவரால் குத்தினால் பொலபொலவென்று உதிரும். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினாலும் சந்தேகம் அங்கேதான்.

இந்த நிலையில் கதவை நெம்பினால் கதவும் கோணும், உடலும் இறங்கியபடியே இருக்கும். முதலில் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து இறுக்க வேண்டும். அப்புறம்தான் பழைய சில்லை வெட்டலாம், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். கடைசி வெல்டிங்குக்கு முன் கதவை மாட்டி, மூடிப் பார்க்காத டிங்கரிடம் வண்டியை விடாதீர்கள்.