கேட் இல்லாவிட்டால் எம்.இ. சிவில் இல்லையா?

"கேட் எழுதாதவர்கள் தமிழ்நாட்டில் எம்.இ. சிவில் சேரவே முடியாது" என்ற வாட்ஸ்அப் செய்தி தவறு. (கேட் (GATE) என்பது முதுநிலைப் பொறியியல் படிப்புகளுக்கான தேசிய அளவிலான தேர்வு.) இதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பி.ஜி. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டும் தமிழ்நாட்டின் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான டான்கா (TANCA) கலந்தாய்வில் பங்கேற்கலாம். 2023 முதல் இத்தேர்வு நடக்கிறது. அதற்கு முன்பு எம்.இ. சேர்க்கைக்கு டான்செட் என்ற நுழைவுத்தேர்வு இருந்தது. தகுதியான பி.இ. அல்லது பி.டெக். பட்டமும் தேவை. கட்டமைப்பு, மண், நீர்வளம், போக்குவரத்து என ஒவ்வொரு பிரிவுக்கும் ஏற்கப்படும் இளநிலைப் பட்டங்கள் வேறுபடும். அறிவிப்பில் அந்தப் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள்.

வதந்தி எங்கிருந்து முளைத்தது என்பது புரிகிறது. ஐ.ஐ.டி.களிலும் என்.ஐ.டி.களிலும் எம்.டெக். சேரப் பெரும்பாலும் கேட்தான் வாசல். அங்கேயும் விலக்கு உண்டு: நல்ல மதிப்பெண்ணுடன் ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர்களை கேட் இல்லாமலே பல ஐ.ஐ.டி.கள் சேர்த்துக்கொள்கின்றன.

ஆனால் பணம் என்று வரும்போது கேட்டுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரம் படிக்கும் கேட் தகுதியாளர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் உள்ளது. சீட்டா மூலம் சேர்பவர்களுக்கு அது கிடையாது. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் முடிந்தால் இரண்டையும் எழுதுங்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.