சுவர்க் குழாய் என்றாலே கசியும் என்று இல்லை

‘சிங்க் குழாயைச் சுவரில் வைத்தால் சுவர் ஊறும், கிரானைட் மேடையில்தான் வைக்கணும்’ என்று சொல்வது தவறு. கசிவு இணைப்பைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது இல்லை. சுவருக்குள் இணைப்பு விட்டுப்போனால் டைல்ஸை உடைக்கணும், அது உண்மைதான். அதனால் டைல்ஸ் ஒட்டும் முன்பே பிரஷர் டெஸ்ட் (குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். மேடைக் குழாயிலும் கசிவு வரும். வேளச்சேரியில் எங்கள் வீட்டில் அடியிலுள்ள ஹோஸ் கசிந்து, அலமாரிப் பலகை உப்பிய பிறகுதான் தெரிந்தது. போர்வெல் தண்ணீர் என்றால் இன்னொரு தொல்லை. மேடைக் குழாயின் அடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படியும், தேய்த்தாலும் லேசில் போகாது.

கிரானைட்டில் போட்ட சுமார் 35 மி.மீ. ஓட்டையை மூடி போட்டு மறைக்கலாமே தவிர, பழையபடி ஆக்க முடியாது. சிங்க் பின்னால் ஜன்னலா? அப்போது மேடைதான் சரி. எதுவானாலும் தண்ணீர் சிங்க் நடுவில் விழணும், குழாய்க்கு அடியில் பெரிய குண்டான் நுழையணும்.