கேயாகே: தலைநகர் என்ற தகுதியை இழந்த ஒரு நகரத்தின் மின் நிலையம்

ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் சிவசமுத்திரம் என்னும் செய்தி முகநூலில் அடிக்கடி பகிரப்படுகிறது. 1902இல் தொடங்கிய அந்நிலையத்தின் பெருமை தனி. ஆனால் டார்ஜிலிங்கின் சித்ரபோங் நிலையம் 1897இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்பாக, 1891இல், ஜப்பானின் கியோத்தோ நகரம் கேயாகே என்ற இடத்தில் நீரிலிருந்து மின்சாரம் எடுத்து விற்கத் தொடங்கியது. யார் முதலில் என்பதைவிட, கேயாகே எப்படி உருவானது என்பதே நாம் கூர்ந்து படிக்க வேண்டிய வரலாறு என்று கருதுகிறேன்.

1869இல் பேரரசர் தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தபின் கியோத்தோவின் மக்கள்தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, தொழில்கள் நலிந்தன. அருகிலுள்ள பிவா ஏரியின் நீரை மலையைக் குடைந்து கால்வாய் வழியே கொண்டுவந்தால் படகுப் போக்குவரத்தும் பாசனமும் தொழிற்சாலைகளும் பெருகும் என்று ஆளுநர் கிதாகாகி குனிமிச்சி நம்பினார். அதே கால்வாயைப் பற்றித் தம் பட்ட ஆய்வேட்டை எழுதியிருந்த தனாபே சாகுரோ என்ற இளம் பொறியாளரிடம், அவர் 1883இல் கல்லூரியை விட்டு வெளிவந்தவுடனேயே, அந்தப் பணியை ஒப்படைத்தார். ஜப்பான் வெளிநாட்டுப் பொறியாளர்களையே நம்பியிருந்த காலத்தில் அது துணிச்சலான முடிவு. 1885இல் தொடங்கி 1890இல் முடிந்த அக்கால்வாய்க்கு ஏறத்தாழ 12.5 லட்சம் யென் செலவானது. அதில் ஒரு பகுதி நகர மக்களிடமிருந்து வரியாகத் திரட்டப்பட்டது.

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. மூலத் திட்டத்தில் மின்சாரமே இல்லை. கால்வாய் நீரால் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றி ஆலைகளை இயக்குவதுதான் நோக்கம். பணி பாதியில் இருந்தபோது, 1888இல், தனாபேயும் கியோத்தோவின் வணிகப் பிரமுகர் தகாகி புன்பேயும் அமெரிக்கா சென்றனர். கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் சுரங்க ஊரில் நீர்மின் உற்பத்தியை நேரில் கண்டனர். நீர்ச்சக்கரத்தின் விசையை அது சுழலும் கரையிலேயே பயன்படுத்த வேண்டும், ஆகவே ஆலைகள் எல்லாம் மலையடிவாரத்தில் நெருக்கியடித்து நிற்க நேரும். மின்சாரமோ கம்பி வழியே தறி இருக்கும் தெருவுக்கே போய்விடும். திரும்பியதும் திட்டத்தையே மாற்றினார்கள். முடிவெடுத்துப் பணம் செலவிட்டுவிட்ட ஒரு பெருந்திட்டத்தை, அதைவிட மேலான வழி தெரிந்தவுடன் திருத்திக்கொள்ளும் மனம் பொது நிர்வாகத்தில் எவ்வளவு அரிது என்பதை நாம் அறிவோம்.

தொடக்கத்தில் கேயாகேயில் இருந்தவை, நீர்த்தாரை மோதிச் சுழலும் பெல்டன் சக்கரங்களால் இயங்கிய, தலா 80 கிலோவாட் திறனுள்ள இரண்டு டைனமோக்கள்தாம். அந்தச் சிறிய ஆற்றலிலிருந்து ஆலைகளுக்கும் நெசவுக்கும் விசை கிடைத்தது. கால்வாயின் உயர வேறுபாட்டைக் கடக்க, 582 மீட்டர் நீளச் சரிவுப் பாதையில் படகுகள் தண்டவாள வண்டியில் ஏற்றி இழுக்கப்பட்டன. 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராமும் இதே மின்சாரத்தில் ஓடியது.

இந்த வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் கால்வாய்ப் பணியில் இறந்த 17 பேரை அடிக்குறிப்பாகவேனும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. 2,436 மீட்டர் நீளமுள்ள முதல் சுரங்கப்பாதையை, செங்குத்தான கிணறு ஒன்றை இடையில் இறக்கி, பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே குடைந்தார்கள். பிற்காலத்தில் இறந்தவர்களுக்காக நினைவுக்கல் நாட்டியவர் தனாபேதான், அதுவும் தம் சொந்தச் செலவில்.

வருமானம் வந்ததால் நகரம் மேலும் துணிந்தது; 1912இல் இரண்டாம் கால்வாயும் பெரிய மின் நிலையமும் கட்டி, குடிநீர் வழங்கலையும் அதனுடன் இணைத்தது. அந்த இரண்டாம் நிலையத்தின் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1936இல் அமைந்த மூன்றாம் நிலையம், 4,500 கிலோவாட் திறனுடன், கன்சாய் மின் நிறுவனத்தின் பொறுப்பில் இப்போதும் மின்சாரம் தருகிறது. கியோத்தோவின் குடிநீரும் இன்றுவரை பிவா ஏரியிலிருந்து அந்தக் கால்வாய்களின் வழியாகத்தான் வருகிறது.