டன்னல் பின்வாசல் இல்லைங்க

நேத்து நம்ம வேலை குரூப்ல நடந்ததைப் பார்த்தவங்களுக்கு மறுபடி விளக்கத் தேவையில்லை. "டன்னல் போட்டு பின்வாசல் திறந்துட்டே"ன்னு, சர்வருக்குத் திருட்டு வழி வெச்சதா, நம்ம டீம் பொண்ணை அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்களே சார், ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க.

அவ வீடு ஏற்காட்டுல நாகலூர் பக்கம். வீட்டு நெட்டுக்குத் தனி பப்ளிக் ஐபி, அதாவது வெளியில இருந்து நேரா எட்டுற முகவரி, கிடையாது, வெளியில இருந்து அவ லேப்டாப்புக்கு யாரும் வர முடியாது. அதனால கம்பெனி கொடுத்த டெஸ்ட் சர்வருக்கு எஸ்எஸ்எச்ல (தூரத்து மெஷினுக்குள்ள பூட்டின லைன்ல நுழையற வழி) ரிவர்ஸ் டன்னல், அதாவது சர்வர்ல இருந்து தன் லேப்டாப்புக்குத் திரும்பி வர ஒரு பாதை போட்டு, தன் மெஷின்ல ஓடுறதைச் சேலத்துல இருந்த டீம் ஆளுக்குக் காட்டினா. சர்வர்ல கேட்வேபோர்ட்ஸ்ங்கிற, வெளியாளை விடலாமான்னு சொல்ற செட்டிங்கை மாத்தாத வரைக்கும் அந்தப் போர்ட், அதாவது டன்னலோட வாசல், 127.0.0.1ங்கிற, சர்வர் தனக்குத்தானே பேசிக்கிற முகவரியில மட்டும்தான் திறக்கும். அந்த சர்வருக்குள்ள இருக்கிறவங்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இதுவா பின்வாசல்?

1995ல ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினாங்க. அதுக்கப்புறம்தான் அங்க ஆராய்ச்சி செஞ்ச தாத்து இலோனென் எஸ்எஸ்எச் எழுதினார். திருட்டைத் தடுக்கப் பிறந்ததுங்க இது.

எங்கப்பா படுக்கையில கிடந்தப்போ நானும் மேல ஏற்காட்டுலதான் இருந்தேன். பனி இறங்கின நாள்ல நெட் விட்டு விட்டு வரும், ஸ்கிரீன் ஷேர் பண்ணினா எழுத்தெல்லாம் கலங்கிடும். சேலம் அம்மாபேட்டை நண்பனும் நானும் எஸ்எஸ்எச்ல ஒரே சர்வர்ல நுழைஞ்சு, ஒரே டிமக்ஸ் செஷன்ல (ரெண்டு பேரும் ஒரே எழுத்துத் திரையில சேர்ந்து தட்டற வசதி) கோட் எழுதினோம். எழுத்து மட்டும்தானே போகுது, அந்த லைனே போதும். லைன் அறுந்தாலும் செஷன் சர்வர்ல அப்படியே இருக்கும். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டு வந்து, விட்ட வரியில இருந்தே தொடங்குவேன். அது இல்லேன்னா அந்தக் கடைசி மாசங்கள்ல அவர் பக்கத்துல இருந்திருக்கவே முடியாது.

"அனுமதி இல்லாம போடலாமா?"ம்பீங்க. கூடாது, ஒத்துக்கறேன். ஆனா அவ கேட்டுட்டுத்தான் போட்டா, மெசேஜ் குரூப்லயே இருக்கு. "ஆளாளுக்கு டன்னல் போட்டா யார் பார்க்கிறது?" சர்வர்ல அவ கீ, அதாவது அவளை உள்ள விடற சாவி, இருக்கிற வரியிலயே பெர்மிட்லிசன்னு ஒரு கட்டுப்பாடு சேர்த்து, இந்தப் போர்ட் மட்டும்தான்னு கட்டிப்போடலாம். பூட்டும் சாவியும் உங்க கையில. பூட்டாம விட்டுட்டுப் பொண்ணைத் திட்டுவீங்களா?

இன்னொருத்தர், "சேலம் அஞ்சு ரோட்டுல ஆபீஸ் இருக்கு, இறங்கி வரட்டுமே"ங்கறார். 20 கொண்டை ஊசி வளைவு சார். சாயங்காலப் பனியில ஒரு தடவை ஸ்கூட்டியில ஏறிப் பாருங்க. கீழே இறங்கி வந்து உங்க கண்ணு முன்னாடி உட்கார்ந்தாத்தான் மலைக்காரங்க வேலை வேலையா? இருபது வருஷமா இதையே கேட்டுக் கேட்டு மனசு மரத்துப் போச்சுங்க.

ராத்திரியே அவ குரூப்பை விட்டுப் போயிட்டா. அந்த டன்னல் வழியா ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச பிழை சரியாகி, காலைல ரிலீஸும் ஆயிடுச்சு. வாழ்த்து வரிசையா வருது. அவ பேரை ஒருத்தரும் எழுதலை.

சார், அதே குரூப்ல, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க.